குலுக்கு அப்புனு, நல்லாக் குலுக்கு

ஏங்கண்ணு, ஒரு சாண் நீளங்கூட இல்லாத மாடல் காருக்குச் சாயம் அடிக்க இத்தனை வெசனமா? மேசை மேல எட்டு ஸ்ப்ரே டப்பா நிக்குது. எட்டும் செவப்பு. ஒண்ணுகூட மூடி தொறக்கலெ. எந்தச் செவப்பு நல்ல செவப்புன்னு ராத்திரியெல்லாம் கண்ணு முழிச்சு யோசிக்கறயாம், உங்கம்மா சொல்றா. என்ற கலியாணத்தையே எங்கப்பன் ஒரு பகல்ல பேசி முடிச்சுப்போட்டு, பொழுதோட மாட்டுக்குத் தட்டு போட வந்துட்டாரு.

சரி, வா, இப்புடித் திண்ணைல உக்காரு. நான் பெருசாப் படிச்சவன் இல்லெ. கரூர்ல பஸ்ஸுக்குக் கூடு கட்டற பட்டறைல சாயம் அடிச்சுச் சோறு தின்னவன். சேசிஸ் மொட்டையா வரும். தகரம் அடிச்சு, பட்டி பாத்து, உப்புத்தாள் தேச்சு, சாயம் அடிச்சு, நெத்தியில முருகன் பேரை எழுதி அனுப்பி வெப்போம். அவ்வளவு பெரிய பஸ்ஸுக்கும் உன்ற சாண் காருக்கும் சாயம் ஒரே சங்கதிதான். பஸ்ஸுக்கு முதலாளி வந்து வையுவாரு. உனக்கு வைய ஆளில்லெ. அதனாலதான் இத்தனை அலும்பு.

மொதல்ல இந்த டப்பாவுக்குக் கும்புடு போடறதை நிறுத்து. அது என்ன சாமி கொடுத்த வரமா? 1949ல அமெரிக்காவுல, இல்லினாய்ஸ் பக்கம் சிகமோர்னு ஒரு ஊரு. அங்க எட்வர்ட் சீமோர்னு ஒருத்தர் சாயம் விக்கறாரு. வீட்டைச் சூடு பண்ற இரும்பு ரேடியேட்டருக்குப் பூசற அலுமினியச் சாயம். அதை ஆளுங்களுக்கு அடிச்சுக் காட்ட ஒரு சுளுவான வழி வேணும். டப்பாவுல அடைச்சுப் பீச்சுனா என்னன்னு யோசனை சொன்னது அவரு சம்சாரம். பேரு ஆருக்குப் போச்சுன்னு நான் வேற சொல்லோணுமா? ஆக, குளுருக்குச் சூடு காயற இரும்புக்குப் பொறந்த சாமான் இது. அதைப் போயி நீ அலமாரியில வெச்சு அழகு பாக்கறே.

இப்பக் கேக்கறதுக்குப் பதில் சொல்லு. கடைக்குப் போனயே, மொதல்ல என்ன கேட்டே? "எந்த பிராண்டு நல்ல பிராண்டு?" அதானே? அங்கதான் கண்ணு நீ வழுக்குனே. அடிக்கற சாயத்தைக் கேட்டயே, அது உக்காரப் போற இடத்தைக் கேட்டயா? அடியில என்ன இருக்குது?

உன்ற காரு பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக். அதுல ஒரு துண்டை எடுத்து லேக்கர் தின்னர்ல போட்டுவெச்சுப் பாரு. வெடியால வந்து பாத்தா கொழகொழன்னு கெடக்கும். நீ ஒட்டற பசை எப்புடி ஒட்டுதுன்னு நெனச்சே? அந்தப் பிளாஸ்டிக்கைக் கரைச்சு, ரெண்டு ஓரத்தையும் ஒண்ணாக்கி, அப்பறம் காயுது. சாயமும் அப்புடித்தான். சித்தெ கடிச்சாப் புடிச்சுக்கும். எச்சாக் கடிச்சா மேல்தோலு வெடிச்சு, கோடு கோடா விரிசல் வுட்டுப் போவும். எத்தனை கடிக்கோணுங்கறதை அளந்து வெச்சிருக்கறான் பாரு, அதுக்குத்தான் நீ காசு குடுக்கறே. டாமியா கம்பெனி டப்பா மேல இருக்கற ரெண்டு நட்சத்திரத்துக்கு இல்லெ.

அந்த டாமியா டப்பாவை எடு. ஜப்பான்ல ஷிசுவோகாங்கற ஊருக்காரன். மரம் அறுத்து வித்த குடும்பம், அப்பறம் மரத்துல மாடல் செஞ்சு, 1960ல யமாட்டோ போர்க்கப்பலை மொத பிளாஸ்டிக் மாடலா வுட்டான். மரம் அறுத்தவன் கணக்காத்தான் இருப்பான். ஒரே கம்பெனி, மூணு வகை ஸ்ப்ரே. டிஎஸ்னு போட்டிருந்தா உன்ற பிளாஸ்டிக் மாடலுக்கு. ஏஎஸ்னா ஏரோப்ளேன் கட்டறவனுக்கு, மினுமினுப்பு இல்லாத பட்டாளத்து நிறமெல்லாம் அதுல வரும். பிஎஸ்னு ஒண்ணு இருக்குது பாரு, அது ரிமோட்ல ஓடற காருக்கு. அந்தக் காரோட கூடு பாலிகார்பனேட், கண்ணாடி கணக்காத் தெரியும். அதுக்கு உள்பக்கமாச் சாயம் அடிப்பாங்க. வெளிய எத்தனை மோதுனாலும் சாயம் உரியாது.

இப்ப உன்ற எட்டு டப்பாவுல ரெண்டு பிஎஸ். கவனிச்சயா? செவப்பு நெம்ப நல்லா இருந்துதுன்னு எடுத்துப்போட்டயா? நல்லாத்தான் இருக்கும். அதை இந்தப் பிளாஸ்டிக் மேல அடிச்சா தோலைத் தின்னுபோடும். டிஎஸ்ஸைக் கொண்டுபோயி அந்த ஓடற காருக்கு அடிச்சியா, மொத மோதல்லயே செதிலு செதிலாக் கொட்டும். ரெண்டும் ஒரே கம்பெனி. ரெண்டும் நல்ல சாயம். அடி தெரியாம வாங்குன ஆளுதான் மசையன்.

அப்பறம் ஹார்டுவேர் கடை டப்பா. உங்க மாமன் வந்து, "நூறு மில்லிக்கு இத்தனை காசா? கேட்டுக்கு அடிக்கற நானூறு மில்லி டப்பா இருக்குது, எடுத்து அடிடா"ன்னு சொல்லிப்போட்டுப் போனாராமே. உங்க மாமனை நான் குத்தஞ்சொல்ல மாட்டேன். இரும்புக் கேட்டுக்கு அது நல்ல சாயம். அதோட வாய் பெருசு. ஒரு அமுக்குக்கு ஒரு பலகையே நனையும். கனமா விழுவும், கனமா நிக்கும், மழையையும் வெய்யிலையும் தாங்கும். கேட்டுக்கு அதான் வேணும். உன்ற காரு என்ன மழைல நிக்கப் போவுதா?

கணக்குப் போட்டுப் பாரு. 24ல ஒரு பங்கு மாடல் உன்னுது. சாயம் அம்பது மைக்ரான் கனம் ஏறுச்சுன்னு வெச்சுக்க. அம்பது மைக்ரான்னா ஒரு மில்லிமீட்டர்ல இருபதுல ஒரு பங்கு, கண்ணுக்கே தெரியாது. ஆனா அதை நெசக் காரு அளவுக்குப் பெருக்கு. 1.2 மில்லிமீட்டர் வருது. நெசக் காரு மேல இருக்கற சாயம் மொத்தமாச் சேத்தாலும் அதுல பத்துல ஒரு பங்குதான். இன்னும் சின்னதா, கைப்புடி ஏரோப்ளேன், 72ல ஒரு பங்கு கட்டறவனுக்கு மூணரை மில்லிமீட்டர் தாண்டிப்போவும். கதவு இடுக்கு மூடிக்கும். ஆணித்தலை முங்கிப்போவும். ஜப்பான்காரன் அச்சுல உக்காந்து கோடு கோடாக் கீறி வெச்சதையெல்லாம் நீ ஒரே அமுக்குல எறும்புக்குக் கம்பளி போத்துனாப்புல மூடிப்போடுவே. அப்பறம் "கிட்டு சரியில்லெ"ன்னு சொல்லுவே. ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல்.

ஹார்டுவேர் டப்பா அறவே ஆகாதுன்னும் நான் சொல்ல மாட்டேன். அப்புடிச் சொல்றவன் கடைக்காரனுக்கு மச்சான். காருக்கு அடியில, சேசிஸ்ல, மாடலை நிறுத்தற பலகைக்கு அந்த மேட் கருப்பு நல்லாவே உக்காரும். ஆனா அடிக்கறதுக்கு முன்ன சோதிச்சுப் பாக்கோணும். வெளிநாட்டுக்காரன் பிளாஸ்டிக் கரண்டில அடிச்சுப் பாருன்னு சொல்லுவான். நம்ம நாட்டுல 2022 ஜூலை 1லிருந்து அந்தத் தூக்கிப் போடற கரண்டிக்கே தடை. அதுக்கு வெசனப்படாதே. பாகமெல்லாம் ஒட்டிக்கிட்டு வருதே ஒரு சட்டம், வெட்டி எடுத்துப்போட்டுக் குப்பையில வீசறயே, அதான் நல்ல சோதனைச் சாமான். உன்ற காரு எந்தப் பிளாஸ்டிக்கோ அதே பிளாஸ்டிக். கரண்டி வேற ஜாதியா இருக்கலாம், சட்டம் இருக்காது. ஓசியில கெடக்கறதை வீசிப்போட்டுக் கரண்டிக்கு அலையறான் பாரு, அவனை என்ன சொல்றது?

அடுத்த வம்பு, மேல மேல அடிக்கறது. இது பட்டறைல சேந்த மொத நாளே சொல்லிக் குடுக்கற பாடம். எனாமல் மேல லேக்கர் அடிக்காதே. எனாமல் மெதுவா, உள்ளுக்குள்ளயே நாள் கணக்காக் காயற சாயம். அது மேல லேக்கரோட காரமான தின்னர் பட்டா, உள்ள போயி அதைத் தூக்கி வுட்டுரும். தோலு சுருங்கி, நெளிஞ்சு, பாக்க ஆகாது. தலைகீழாப் பண்ணு, தப்பில்லெ. காஞ்ச லேக்கர் மேல எனாமல் சும்மா போயி உக்காந்துக்கும். தண்ணியில கரையற அக்ரிலிக்கும் உக்காந்துக்கும். காரமானது அடியில, சாதுவானது மேல. இவ்வளவுதான். இங்கிலாந்துல ஹல்லுங்கற ஊருல பொறந்த ஹம்ப்ராலோட எனாமல் சின்ன டின்னுல வரும். கையால தொட்டு எழுத நல்ல சாமான். அதைப் பூசிப்போட்டு மேல நிறமில்லாத டிஎஸ் கிளியர் லேக்கரை அடிச்சு நாசம் பண்ணுனவங்க ஊருக்கு நாலு பேரு இருப்பாங்க.

ஹார்டுவேர் எனாமல் டப்பாவுல இன்னொரு கூத்து. ஒரு மணி நேரத்துக்குள்ள ரெண்டாவது கோட்டு அடி, இல்லாட்டி ரெண்டு நாள் பொறுத்து அடின்னு சிலதுல எழுதியிருக்கும். நடுவுல அடிச்சாச் சுருங்கிப்போவும். அந்த எழுத்தை ஆரு படிக்கறா? மூடியோட நிறத்தைப் பாக்கறதோட சரி. ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்கோணும்னு பாட்டி சொன்னதைத்தான் அவன் பொடி எழுத்துல அச்சடிச்சிருக்கறான்.

சரி, டப்பா கிடக்கட்டும். காரைக் கழுவுனயா? ஏன் முழிக்கறே? அச்சுலிருந்து கழண்டு வரோணும்னு மெழுகு, எண்ணெய் எதாச்சும் தடவியிருப்பாங்க. உன்ற கையி எண்ணெய் வேற. பஜ்ஜி தின்ன கையோட எடுத்துத் தடவிப் பாத்தயே, நான் பாத்தேன். பாத்திரம் கழுவற சோப்பைத் தண்ணில கலந்து, பழைய பல்லு பிரஷ்ஷால நோவாமத் தேச்சு, அலசிக் காய வுடு. இதுக்கு ஆவற காசு ஒண்ணுமில்லெ. அதனாலதான் ஒருத்தனும் செய்ய மாட்டேங்கறான். காசு வாங்காத எதுக்கும் மருவாதி கிடையாது.

கழுவுனப்பறம் பிரைமர். சொவரு இருந்தாத்தானே சித்திரம்? சாம்பல் நிறப் பிரைமர் ஒரு கோட்டு அடிச்சுப் பாரு, நீ ஒட்டுன ஒட்டு, தேய்க்காம வுட்ட இடம், பட்டி வெச்ச குழி எல்லாம் வெளிய வந்து நிக்கும். பட்டறைல மேஸ்திரி சாம்பல் அடிச்சுப்போட்டு லைட்டைச் சாய்ச்சுப் புடிச்சுப் பாப்பாரு. அப்ப எங்க மூஞ்சியப் பாக்கோணுமே. மிஸ்டர் சர்பேசர்னு ஒண்ணு வருது, ஜிஎஸ்ஐ கிரியோஸ்காரன் போடறது. 500, 1000, 1200, 1500ன்னு நம்பர் போட்டிருக்கும். உப்புத்தாள் நம்பர் தெரியுமில்லெ? அதே ஏற்பாடு. நம்பர் ஏற ஏற நைசு. 500 சின்னக் கீறலை மூடும். காரோட மேனிக்கு 1000மோ அதுக்கு மேலயோ போதும். ஒட்டுக்கா நாலும் வாங்கி வரிசையா அடிக்கோணும்னு எவனும் சொல்லலெ. நீதான் சொல்லிக்கறே.

செவப்பு அடிக்கறதா இருந்தா ஒண்ணு ஞாபகம் வெச்சுக்க. செவப்பும் மஞ்சளும் மெல்லிசான சாயம். அடியில இருக்கறதைக் காட்டிக் குடுத்துரும். சாம்பல் மேல செவப்பு அடிச்சா மங்கலா நிக்கும், நீ இன்னும் இன்னும்னு அடிச்சு கனம் ஏத்துவே. வெள்ளை அடி போடு, இல்லாட்டி ரோஸ் நிறத்துல பிரைமரே வருது, அதைப் போடு. உன்ற எட்டுச் செவப்பும் எட்டு நிறமாத் தெரியுதுன்னு பொலம்பறயே, ஒரே செவப்பை மூணு அடி மேல அடிச்சுப் பாரு, மூணு நிறமாத் தெரியும். எட்டு டப்பா வாங்குன காசுல ஒரு டப்பா பிரைமர் வாங்கியிருந்தா இந்தப் பேச்சே வந்திருக்காது. வெள்ளைக் காருக்கு மாத்திச் சொல்றேன். காரோட பிளாஸ்டிக்கே செவப்பா இருந்தா, மேல அடிக்கற வெள்ளையில அந்தச் செவப்பு ஊறி மேல வந்து ரோசாப் பூத்துரும். மொதல்ல அதை அடைக்கோணும்.

இனி அந்தப் பெரிய அக்கப்போருக்கு வாரேன். "அசல் நிறம்." அப்பப்பா! உன்ற கூட்டாளி ஒருத்தன் ஜீப்பு கட்டறானே, ரெண்டாம் உலகப்போர் ஜீப்பு, அவன் இன்னும் சாயமே அடிக்கலயாம். ஆலிவ் டிராப்ங்கற பச்சை எந்தப் பச்சைன்னு ஓரியாட்டம் நடக்குதாம். கையில ஒரு நம்பர் வெச்சிருக்கறான். பெடரல் ஸ்டாண்டர்ட் 595ங்கற அமெரிக்க நிறப் புஸ்தகத்து நம்பராம். அஞ்சு எலக்கம். மொத எலக்கம் மூணுன்னா மினுமினுப்பு இல்லாததுன்னு வெளக்கம் வேற சொல்றான். கேக்க நல்லாத்தான் இருக்குது. நான் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன். "அப்புனு, சண்டை எப்ப முடிஞ்சுது?" "1945 தாத்தா." "அந்தப் புஸ்தகம் எப்ப வந்துது?" "1956." அப்பறம் பய வாயத் தொறக்கலெ. சண்டைக்குப் போன ஜீப்பு, பதினோரு வருசம் கழிச்சு வரப்போற புஸ்தகத்தைப் பாத்தா சாயம் அடிச்சுக்கிச்சு?

நம்பரே வீணுன்னு சொல்லலெ. கிட்டத்தட்ட எந்தப் பச்சைன்னு வழி காட்டும், அதுக்கு வெச்சுக்க. ஆனா நான் பட்டறைக்காரன். எனக்குத் தெரியும். ஒரே முதலாளிக்கு ரெண்டு பஸ்ஸு. ஒரே டின்னு நீலம். திங்கக்கெழமை அடிச்சதும் வெள்ளிக்கெழமை அடிச்சதும் பக்கத்துல நிறுத்துனா வேற வேற நீலம். ஒருத்தன் தின்னர் எச்சா ஊத்துவான், ஒருத்தன் டின்னை அடிவரைக்கும் கலக்க மாட்டான். ஆறு மாசம் வெய்யில்ல ஓடி வந்தா மூணாவதா ஒரு நீலம். பழனிக்கும் திருச்சிக்கும் ஓடற பஸ்ஸுக்கே இந்தக் கதின்னா, பாலைவனத்துலயும் சேத்துலயும் ஓடுன ஜீப்புக்கு ஒரே ஒரு அசல் நிறம் இருந்துதுன்னு எவன் சத்தியம் பண்ணுவான்? வேற வேற பேக்டரி, வேற வேற சாயக்காரன், சண்டை நேரத்து அவசரம். நெசமா அதே சாயம் கெடைச்சாலும், குட்டி மாடல் மேல கருத்துத்தான் தெரியும். தூரத்துல நிக்கற சாமானைப் பாக்கற கண்ணு அது. வெவரந் தெரிஞ்சவன் சித்தெ வெளுப்பாக்கித்தான் அடிக்கறான். அசலை அப்படியே அடிச்சா அசலாத் தெரியாது. இது உன்ற கூட்டாளிக்குப் புரிஞ்சா அந்த ஜீப்பு இந்தப் பொங்கலுக்காச்சும் வெளிய வரும்.

மினுக்கிச் சாயத்துலயும் இதே கதைதான். நெசக் காரு டச்சப் சாயம் வாங்கியாந்து, "அசல் கம்பெனி நிறம் தாத்தா"ன்னு பீத்தறான் ஒருத்தன். அதுல இருக்கற அலுமினியத் தூள் நெசக் காருக்கு அரைச்சது. மாடல் மேல அதைப் பாத்தா இருபத்துநாலு மடங்கு பெருசாத் தெரியும். கல்யாண மண்டபத்து ஜிகினா. குரோம் டப்பா இன்னும் மோசம். அடிச்ச அன்னைக்கு மூஞ்சி பாக்கலாம். பாதுகாப்புக்குன்னு மேல கிளியர் அடிச்சியா, வெறும் சாம்பல். நல்லா மினுங்கற கருப்பை அடியில அடிச்சு, நல்லாக் காய வெச்சு, மேல வெள்ளிச் சாயத்தை மெல்லிசா அடி. பம்பருக்கும் ஜன்னல் ஓரத்துக்கும் ஒட்டற மெட்டல் தாளே வருது, பேர் மெட்டல் ஃபாயில்னு. அதை வெட்டி ஒட்டுனா வேலை முடிஞ்சுது.

நேரங்காலம் பாக்கறயா? ராகு காலத்தைச் சொல்லலெ. காத்துல ஈரத்தைச் சொல்றேன். லேக்கர் காயறப்ப அந்தத் தின்னர் பறந்துபோற வேகத்துல சாமானோட மேனி குளுந்துபோவும். குளுந்த மேனியில காத்து ஈரம் படியும். அந்த ஈரம் சாயத்துக்குள்ள மாட்டிக்கிட்டு வெள்ளையாப் பூத்துக்கும். கருப்புக் காரு திருநீறு பூசிக்கிட்டு நிக்கும். சென்னையில ஐப்பசி கார்த்திகை அடைமழைல கிளியர் அடிக்கறவனைப் பாத்தா எனக்குச் சிரிப்பு வரும். மேட் கிளியருக்கு இன்னும் ரோசம் எச்சு, சித்தெ ஈரம் பட்டாலும் மங்கிப்போவும். நம்ம பக்கம் சித்திரை வெய்யில்லயும் ஆகாது. சாயம் டப்பாவுலிருந்து காருக்குப் போறதுக்குள்ள பாதி வழியிலயே காஞ்சு, பொடியாப் போயி உக்காந்து, தொட்டாச் சொரசொரங்கும். ஆடி மாசம் பாலக்காட்டுக் கணவாய்க் காத்து அடிக்கறப்ப வாசல்ல அடிச்சியா, பாதிச் சாயம் பக்கத்து வீட்டுத் துணிக்கு, பாதித் தூசி உன்ற காருக்கு. காலைல ஈரம் வாங்கி, வெய்யில் உறைக்காத ஒரு பொழுது இருக்குது பாரு, அதுக்குக் காத்திரு. அந்த எட்டு டப்பாவும் அது வரைக்கும் ஓடிப்போவாது.

இப்பக் குலுக்கு. பத்து செகண்டு ஆட்டிப்போட்டு அடிக்கறதா? உள்ள கோலி உருளற சத்தம் கேக்குதில்லெ, அது கேக்க ஆரம்பிச்சதுக்கு அப்பறம் ரெண்டு நிமிசம். மேட் சாயம்னா இன்னும் எச்சா. மினுமினுப்பைக் கொல்ற பொடி அடியில படிஞ்சு கெடக்கும். கலக்காம அடிச்சா ஒரு பக்கம் மினுங்கும், ஒரு பக்கம் மங்கும். கை வலிக்குதா? வலிக்கட்டும். அப்பறம் டப்பாவை வெதுவெதுன்னு இருக்கற தண்ணில கொஞ்ச நேரம் நிக்க வை. உள்ள கேஸ் அழுத்தம் ஏறி, தூத்தல் சன்னமா வரும். கொழந்தைக்கு ஊத்தற சூடு போதும். சுடு தண்ணி வேண்டாம், அடுப்புப் பக்கம் போவவே போவாதே. அம்பது டிகிரிக்கு மேல ஆகாதுன்னு டப்பாவுலயே போட்டிருக்குது. வெடிச்சா உன்ற காரும் போவும், உங்கம்மா சமையக்கட்டும் போவும். அதுல எதுக்கு எனக்கு எச்சா ஏச்சு வுழுவுங்கற?

முக்கா அடி, ஒரு அடி தள்ளிப் புடி. காருக்கு வெளிய அமுக்க ஆரம்பி, காரைக் கடந்து போயி வுடு. நேரா மூஞ்சிக்கு அமுக்குனா மொதல்ல வர்ற கட்டி அங்கதான் வுழுவும். மொதக் கோட்டு பனி பேஞ்ச அளவுக்குத்தான். அடியில இருக்கறது தெரிஞ்சாத் தெரியட்டும். இங்கதான் எல்லாப் பயலுக்கும் கை பறக்குது. பத்து, பதினஞ்சு நிமிசம் பொறு. மறுபடி. கடைசிக் கோட்டு மட்டும் சித்தெ ஈரமா. முடிச்சப்பறம் டப்பாவைத் தலைகீழாப் புடிச்சு வெறும் கேஸ் வர்ற வரைக்கும் அமுக்கிப்போடு, வாய் அடைக்காது. காஞ்சுதான்னு விரலை வெச்சுப் பாக்காதே. மூக்கை வெச்சுப் பாரு. சாய வாசம் அடிக்குதா? காயலெ. அவ்வளவுதான் சோதனை.

இன்னொரு கூட்டம் இருக்குது. டப்பாவுல அடைச்ச சாயத்தைக் குழாய் வெச்சுச் சீசாவுல பீச்சி, மறுநாள் வரைக்கும் கேஸ் போவ வுட்டு, ஏர்பிரஷ்ல ஊத்தி அடிக்கறாங்க. கம்பெனிக்காரன் கஷ்டப்பட்டு உள்ள அடைச்சதை இவன் கஷ்டப்பட்டு வெளிய எடுக்கறான். மெல்லிசா வரும், நெசந்தான். ஏர்பிரஷ்ஷும் கம்ப்ரசரும் வெச்சிருக்கறவன் சீசாச் சாயத்தையே வாங்கிப்போட்டா என்னன்னு கேட்டேன். இந்த நிறம் டப்பாவுல மட்டுந்தான் கெடைக்குதுங்கறான். சரி சாமின்னு வந்துட்டேன்.

சிரிச்சது போதும், இதை மட்டும் காதைக் குடுத்துக் கேளு. பட்டறைல நாங்க மூக்குக்குத் துண்டு கட்டிக்கிட்டு அடிச்சோம். துண்டு தூசியத்தான் தடுக்கும். டொலுயீனும் சைலீனும் துணியப் பாத்து நிக்காது, நேரா நெஞ்சுக்குப் போவும். என்னோட வேலை செஞ்சவங்க இருமுன இருமல் எனக்கு இன்னும் காதுல கெடக்குது. மெடிக்கல் கடைல விக்கற துணி மாஸ்க்கும் அந்தத் துண்டும் ஒண்ணுதான். சாய வாசத்தைப் புடிக்கற கரிச் சல்லடை வெச்ச முகமூடி ஹார்டுவேர் கடையிலயே கெடைக்கும். உன்ற மூணு டப்பா வெலைதான் ஆவும், அதை மொதல்ல வாங்கு. ரூமுக்குள்ள கதவைச் சாத்திக்கிட்டு அடிக்காதே, பொடக்காலிக்குப் போ. அடுப்பு, வெளக்கு, பீடி எதுவும் பக்கத்துல ஆகாது, உள்ள இருக்கறது எரியற கேஸு. அப்பறம் அடியில ஒரு குமிழை அமுக்கி உள்ளயே கலந்து அடிக்கற டூகே கிளியர்னு வருது. கண்ணாடி கணக்கா மினுங்கும், ஆமா. அதுல ஐசோசயனேட்னு ஒரு சரக்கு, ஆஸ்த்துமா வர வெக்கும். முழு ஏற்பாட்டோட இருக்கற பட்டறைக்காரன் அடிக்கட்டும். ஒரு சாண் காருக்கு உனக்கு அது வேண்டாம்.

ஜப்பான்ல வேலை பாக்கற ஒறம்பரைக்குச் சொல்லி டப்பா வாங்கியாரச் சொல்லியிருக்கறயாமே? ஏரோப்ளேன்ல இதை ஏத்த வுட மாட்டாங்க கண்ணு, பொட்டியிலயும் ஆகாது, கைப்பையிலயும் ஆகாது. ஏர்போர்ட்ல புடிச்சு வெளிய எடுத்துப் போடுவாங்க. பாவம், ஒறம்பரைக்காரன் மானம் போவும். இங்க கெடைக்கறதுல பாத்துக்க.

எந்திரி. அந்த ரெண்டு பிஎஸ் டப்பாவைக் கடையில மாத்தித் தருவாங்களான்னு கேளு. சாம்பல் பிரைமர் ஒண்ணு, வெள்ளை ஒண்ணு, இருக்கற ஆறுல ஒரு செவப்பு, ஒரு கிளியர், எல்லாம் ஒரே கம்பெனி, ஒரே லேக்கர் ஜாதி. இது போதும். மிச்சம் அஞ்சு செவப்பையும் மூடி தொறக்காம எடுத்து வை. இன்னொரு கிட்டு வாங்கி உன்ற தங்கச்சிகிட்டக் குடு. அவ எந்தச் செவப்புன்னு கேக்க மாட்டா, நாளைக்கே அடிச்சு முடிச்சுப்போடுவா.